கூண்டுச் சக்களத்தியும் கொல்லைக் குரங்கும்

சூரினாம் நாட்டுத் தாமான்ரெஜோவில் வாகினெமின் சாவோத்தோ கடையைத் தெரியாதவன் எவனாவது இருந்தால், அவன் அந்தச் சாலையில் பசியோடு போனதில்லை என்றுதான் அர்த்தம். கோழிச் சாறு, முளைவிட்ட பயறு, மெல்லிசாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு, மேலே பாதி முட்டை. இவ்வளவுதான் சாவோத்தோ. யார் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் பாரமரிபோ நகரத்திலிருந்து பெரிய பாலத்தைத் தாண்டி ஒரு கிண்ணச் சாற்றுக்காக வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றால், அது வாகினெமின் கை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் அடி நசுங்கிய பானையும் வைத்துத் தொடங்கியவள். சர்க்கரை ஆலை மூடி ஊரில் பாதி ஆண்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவள் பானைதான் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. கல் வீடு அவள் கட்டியது. மகளை ரோட்டர்டாம் வரை அனுப்பிப் படிக்க வைத்தது அவள். வாசலில் நிற்கும் வெள்ளை டொயோட்டா அவள் வாங்கியது.

அந்த டொயோட்டாவில் அவள் உட்காருவது பின் இருக்கையில்.

முன் இருக்கை ராடெனுக்கு. அந்த ஊரில் குடியேறிய ஜாவாக்காரர் பேச்சில் ராடென் என்றால் இளவரசன். இளவரசன் என்ன, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கரிய குருவி. முகத்தில் பாதி அலகு. சூரினாமில் அந்தக் குருவியை த்வாத்வா என்பார்கள். வாகினெமின் புருஷன் ஜுமாடி, கூண்டுக்கு வெள்ளைத் துணி போர்த்தி முன் இருக்கையில் வைத்து, அதைச் சுற்றி பெல்ட்டை இழுத்து மாட்டுவார். மாட்டியது சரியா என்று ஒரு தரம் ஆட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்புவார்.

"மாஸ், எனக்கும் பெல்ட் உண்டா?" என்று கேட்பாள் வாகினெம். அந்த ஊர் மனைவிமார் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"சீட்டுக்கு அடியில எங்கயாவது மாட்டிக்கிட்டிருக்கும் பாரு, நெம்."

"பள்ளத்துல விட்டா என் தலை கூரையில இடிக்குது."

"பள்ளத்துல விடமாட்டேன். அவனுக்கு ஆகாது."

அவனுக்கு ஆகாது. அவனுக்குப் புகை ஆகாது என்று அவள் அடுப்பைக் கொல்லைக்கு மாற்றினாள். அவனுக்குச் சத்தம் ஆகாது என்று தொலைக்காட்சியின் வாயை மூடிப் பார்த்தாள். விடிந்தால் ஜுமாடி கூண்டோடு வெயிலுக்குப் போவார். புல் விதையை உள்ளங்கையில் கொட்டி, உமியை ஊதி ஊதிக் கொடுப்பார். சனிக்கிழமைகளில் அதைச் சவன்னாப் புல்வெளிக்கு அழைத்துப் போவார், திறந்த வெளியின் காற்றைக் கேட்டால் குரல் விரியுமாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாகினெமை அவர் எந்தப் புல்வெளிக்கும் அழைத்துப் போனதில்லை. அவள் குரல் விரிந்தே இருந்தது, அதனால் இருக்கலாம்.

"பொம்பளையா இருந்தா முடியப் பிடிச்சு ஆய்ஞ்சிருப்பேன்," என்பாள், பக்கத்தில் மீன் விற்கும் ஹெர்மினிடம். "இது ஆம்பளை. அதுவும் இத்தனூண்டு. இதுகூட எனக்குச் சக்களத்திச் சண்டை."

ஹெர்மின் ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல்காரி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. வாகினெமை 'சிஸா' என்பாள், அக்கா என்று அர்த்தம். "சிஸா, ஒண்ணு சொல்றேன் கேளு. நீயும் கறுப்புத் துணி கட்டிக்கிட்டு கம்பியில ஏறி உக்காரு. பேச்சை மட்டும் நிறுத்திடு. மாஸ் உமி ஊதித் தருவாரு."

சிரித்தாலும் வாகினெமுக்கு வயிறு எரியும்.

இந்தக் குருவிகளுக்கு ஏன் இத்தனை மவுசு என்றால், அவை இல்லாமல் போனதால்தான். ஒரு காலத்தில் சதுப்புப் புல்லில் காலையில் நடந்தால் நாலாபக்கமும் கேட்கும். கண்ணி வைத்துப் பிடித்துப் பிடித்துக் காட்டைத் துடைத்துவிட்டார்கள். இப்போது இருப்பதெல்லாம் கூண்டில் பொரித்தவை. நல்ல பாட்டுக்காரனைக் கொடுத்தால் பதிலுக்கு ஒரு பழைய காரே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரத்து மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டு, இரண்டு கூண்டை எதிரெதிராக மாட்டுவார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவர் கரும்பலகையில் ஒரு கோடு. யார் பக்கம் கோடு அதிகமோ அவன் ஜெயித்தவன்.

குருவி சந்தோஷத்தில் பாடுகிறது என்று நினைப்பவர்கள் குருவி வளர்த்ததில்லை. அது பாடுவது பொறாமையில். ஒரு பெட்டையைக் கண்ணில் காட்டுவார்கள். பிறகு அதன் கண்ணெதிரே அந்தப் பெட்டையை எடுத்து இன்னொரு கூண்டுப் பக்கம் வைப்பார்கள். அவ்வளவுதான், நெஞ்சு பற்றிக்கொள்ளும், பாட்டு கொட்டும். எந்தக் குருவிக்கு எப்போது எரியும், எதைக் கண்டால் எரியும் என்று சொல்வதில் ஜுமாடியை மிஞ்ச அந்த மாவட்டத்தில் ஆளில்லை. இறகு லேசாகச் சிலிர்த்தாலே கண்டுகொள்வார். அவர் முதுகுக்குப் பின்னால் சாறு கிளறிக்கொண்டிருந்தவள் பாத்திரத்தை எத்தனை பலமாக வைத்தாலும் அவர் காதில் விழாது.

இப்படியிருக்கையில் குரங்கு வந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கொக்கோத் தோட்டம் காடாகிக் கிடந்தது. அதில் அணில் குரங்குகள் கூட்டமாக வரும், போகும். மஞ்சள் கால், வெள்ளை முகம், கரியில் முக்கி எடுத்த மாதிரி வாய். ஒரு நாள் அதில் ஒன்று, முன்கை ஊனமான சின்னது, கடைக் கூரை வழியே இறங்கி ஒரு அவித்த முட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. வாகினெம் அகப்பையை வீசினாள். அது விட்டத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு கையால் முட்டையைத் தின்று முடித்தது.

இரண்டாவது அகப்பையை எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். அவள் சமைத்ததை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராவது தின்று எவ்வளவு காலமாயிற்று. ஜுமாடி சாப்பிடுவது கூண்டைப் பார்த்துக்கொண்டுதான்.

கூட்டம் ஆற்றுப் பக்கம் போனபோது சின்னது போகவில்லை. அவள் அதற்குத் தோலே என்று பேர் வைத்தாள். ஜாவா வீடுகளில் பொடிப் பையனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கட்டவும் இல்லை, கூண்டும் இல்லை. காலையில் கூரையிலிருந்து குதித்து அவள் தோளில் உட்காரும், காதைப் பிடித்துக்கொள்ளும், மாலையில் கொக்கோ மரத்துக்குப் போகும். அவள் அதனிடம் பேசினாள். பயறு நன்றாக முளைக்காதது, மகள் போன் பண்ணாதது, முழங்கால் வலி, எல்லாம். அது வாயையே பார்த்துக்கொண்டு கேட்கும். கடைக்கு வருகிறவர்கள் குரங்கைப் பார்க்கவென்றே இன்னொரு கிண்ணம் வாங்கினார்கள்.

ஜுமாடிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. "முட்டைத் திருடன்," என்றார் ஒரு நாள் மேசையில். "ஒரு ராகம் உண்டா அதுக்கு? கீச்சு கீச்சுனு கதவு கீல் மாதிரி."

"உங்க ராடென் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதாக்கும்."

"ராடென் பாட்டுக்குப் பாரமரிபோவே எழுந்து நிக்கும்."

"என் தோலே தோளைவிட்டு இறங்க மாட்டேங்குது. உங்க இளவரசரைக் கதவைத் தொறந்து விடுங்க பாப்போம், நிக்குதான்னு."

ஜுமாடி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். "எதை எதோட வைக்கிற? குரங்கு இந்தக் காட்டுல கொட்டிக் கிடக்கு. ஒண்ணு போனா ஒன்பது வரும். த்வாத்வா அப்படியா? இனிமே காட்டுல தேடினா ஒண்ணு கிடைக்குமா?"

வாகினெம் எழுந்து தட்டை எடுத்தாள். "அதானே. கொட்டிக் கிடக்கிறதுக்கு என்ன மதிப்பு. நானும் இந்த வீட்டுல கொட்டித்தான் கிடக்கேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கூண்டுக்குள் குருவி தத்தியது. அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி நெருங்கியது. எதிரி எட்கார், நகரத்தில் வீடுகளுக்குச் சாயம் அடிக்கிறவன். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவன் குருவிதான் ராடெனைத் தோற்கடித்தது. இந்த வருஷம் இறகு உதிர்ந்து முளைத்த பிறகு ராடென் வாயே திறக்கவில்லை. பெட்டையைக் காட்டினார், பார்க்கவில்லை. சவன்னாவுக்குப் போனார், தூங்கிவிட்டது. வயசாகிவிட்டதென்று ஊரில் பேச்சு. ஜுமாடி சாப்பாட்டைக் குறைத்தார். வாகினெமுக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம் அவர் வாசலில் கூண்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது தோலே கூரையிலிருந்து நேராக அவர் தோளில் குதித்து, சட்டைப் பையிலிருந்த நிலக்கடலையைத் தோண்டியது. தட்டிவிடக் கை தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. கூண்டுக்குள் ராடென் கழுத்தை நீட்டி, இறகைச் சிலிர்த்து, தன் ஆளின் தோளில் உட்கார்ந்திருந்த அந்த அந்நியனைப் பார்த்துப் பாட ஆரம்பித்தது. மூச்சு விடாமல் பாடியது. ஜுமாடி மெதுவாகக் கையை இறக்கி, குரங்கின் தலையைத் தடவினார். பாட்டு இன்னும் ஏறியது.

"நெம்," என்று கூவினார். "நெம், இங்க வந்து பாரேன்."

வந்து பார்த்தாள். அவள் தோலே, அவர் மடியில் மல்லாந்து கிடந்து கடலை தின்றுகொண்டிருந்தது.

அன்றிலிருந்து குரங்கும் அவருடையதாகிவிட்டது. காலையில் அவள் தோளுக்கு வரும் முன்னே அவர் வாசலில் கடலையோடு நிற்பார். வெயிலுக்குப் போகும்போது ஒரு கையில் கூண்டு, தோளில் குரங்கு. சவன்னாவுக்கும் மூவரும் போனார்கள். காரில் முன் இருக்கையில் கூண்டு, அதன் மேல் தோலே. உமி ஊதுகிற வாய் இப்போது கடலைத் தோலையும் ஊதியது.

"காட்டுல கெடந்ததையும் விட்டு வைக்கலடி," என்றாள் ஹெர்மினிடம். "எனக்குன்னு ஒரே ஒரு ஜீவன். அதையும் அந்தச் சக்களத்திக்குச் சுருதி பிடிக்கக் கொண்டுபோயிட்டாரு."

"கேட்டு வாங்கு."

"கேட்டா போட்டி முடியட்டும்பாரு. மக முன்னமே வரச் சொல்லியிருக்கா. நான் ரோட்டர்டாம் போறேன். பானையைக் கவுத்துட்டுப் போறேன். அப்ப தெரியும்."

ஹெர்மின் மீனை அறுப்பதை நிறுத்தினாள். "மாஸ்கிட்ட சொன்னியா?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். "நான் மககிட்டப் போறேன். திரும்பி வருவேனா தெரியாது."

ஜுமாடி குரங்கின் ஊனக் கையை விரலால் நீவிக்கொண்டே, கூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "போட்டி முடிஞ்சதும் போயேன், நெம்," என்றார்.

அவள் போட்டிக்கு வந்ததே, ஊரெல்லாம் சேர்ந்து இருக்கும் இடத்தில் அவர் தோற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு விமானம் ஏறலாம் என்றுதான். மனசாரச் சொன்னால் அதுதான் உண்மை. ஹெர்மினோடு பஸ்ஸில் வந்து, கூட்டத்துக்குப் பின்னால், வறுத்த மரவள்ளி விற்கிறவளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

இரண்டு கூண்டும் கம்பத்தில் ஏறின. சொந்தக்காரர்கள் கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஜுமாடி தோளில் குரங்கோடு வந்து நின்றதும் சிரிப்பு எழுந்தது.

"என்ன ஜுமாடி, குருவி பாடலைன்னா குரங்கை ஆட விடப் போறியா?" என்றான் எட்கார்.

"பலகையைப் பாரு. என்னைப் பாக்காத," என்றார் ஜுமாடி. குரங்கின் தலையைத் தடவினார். ராடென் வெடித்தது. சாக்குக்கட்டி ஓடியது. எட்காரின் சிரிப்பு சுருங்கியது.

வாகினெம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தத் தடவல் அவளுக்கு மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்தது. தோலே தலையைத் திருப்பியது. கூட்டத்துக்கு மேலாக எப்படிக் கண்டதோ, ஒரே தாவல், யாரோ ஒருவன் தொப்பி, யாரோ ஒருத்தி குடை, அடுத்த தாவலில் அவள் தோள். காதைப் பிடித்துக்கொண்டது.

ராடெனின் பாட்டு நின்றுவிட்டது. எட்காரின் குருவி மட்டும் பாடியது. அவன் பக்கம் கோடு விழுந்துகொண்டே போனது.

ஜுமாடி திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. "நெம். அவனை இங்க கொண்டா."

"எனக்கு இங்கருந்தே நல்லாத் தெரியுது."

"நெம், தயவுசெஞ்சு."

தயவுசெய்து என்ற சொல்லை அவர் குருவியிடமன்றி வேறு யாரிடமும் சொல்லி அவள் கேட்டதில்லை. ஹெர்மின் முழங்கையால் இடித்தாள். போனாள். கயிற்றருகே அவர் பக்கத்தில் நின்றாள். அவர் குரங்கை எடுக்கப் பார்த்தார், அது அவள் கூந்தலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவள் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, அந்தப் பக்கமிருந்த குரங்கைத் தடவினார்.

ராடென் கழுத்தை நீட்டியது. பாடியது. முன்பு பாடியதெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி பாடியது. வாகினெம் அந்தக் கருமணிக் கண்ணைப் பார்த்தாள். அது குரங்கைப் பார்க்கவில்லை.

அவளுக்குச் சந்தேகம். "ஹெர்மின், இதைக் கொஞ்சம் பிடி," என்று தோலேயை, கையில் ஒரு கடலையோடு, பின்னால் நீட்டினாள். ஜுமாடி பதறினார். "என்னடி பண்ற?"

"சும்மா இருங்க." தலையை அவர் தோளில் சாய்த்தாள்.

குருவிக்குப் பைத்தியம் பிடித்தது. கம்பிக்குக் கம்பி தாவியது, அலகைத் திறந்தது மூடவில்லை. நடுவருக்குக் கை வலித்தது. வாகினெமுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை இனித்தது. இத்தனை வருஷம் அவள் பட்டது அத்தனையும் அந்தக் கூண்டுக்குள் எரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"இது முறையில்ல," என்று எட்கார் கத்தினான். "நடுவர் ஐயா, அந்த அம்மாவைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

நடுவர் ராம்தின், ஓய்வுபெற்ற போலீஸ்காரர், சாக்குக்கட்டியை நிறுத்தாமலே சொன்னார்: "கயித்துக்கு இந்தப் பக்கம் புருஷன் மேல சாயக்கூடாதுன்னு சட்டத்துல இல்லப்பா. உனக்கும் ஆள் இருந்தா கூப்பிட்டுக்கோ."

மைதானமே சிரித்தது. நேரம் முடிந்தபோது ராடெனின் பக்கம் கோடு வைக்க இடமில்லை.

அவள் தோளிலிருந்த கை எடுபட்டது. ஜுமாடி கயிற்றைத் தாண்டி ஓடினார். ஆட்கள் அவரைச் சூழ்ந்து முதுகில் தட்டினார்கள். அவர் கூண்டோடு முகத்தை ஒட்டி ஏதோ சொன்னார். ராடென் உடனே அடங்கி, இறகுக்குள் அலகைச் செருகிக்கொண்டது. ஆள் கிடைத்துவிட்டால் அதற்குப் பாட வேண்டியதில்லை.

வாகினெம் அதைப் பார்த்தாள். பிறகு ஹெர்மினிடமிருந்து குரங்கை வாங்கிக்கொண்டு, மைதானத்தின் ஓரமாக ஆற்றை நோக்கி நடந்தாள். தண்ணீர் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டையில் உட்கார்ந்தாள். சூட்கேஸில் எதை எதை வைப்பது என்று யோசித்தாள். மிளகாய் விழுது வைக்க வேண்டும், அங்கே கிடைக்காது.

"நெம்."

அவள் ஒரு கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தாள்.

"நெம், எங்க போற?"

"ரோட்டர்டாம்."

"இந்த ஆத்து வழியாவா?"

மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எல்லாரும் கை குடுத்தாங்க. திரும்பிப் பார்த்தா நீ இல்ல. மரவள்ளிக்காரிக்கிட்டயும் இல்ல. ஹெர்மின்கிட்ட கேட்டா, இனிமே மாஸ் சாறும் தானே வச்சுக்கணும்னு சொல்றா."

அப்போதுதான் வாகினெம் அவர் கைகளைப் பார்த்தாள். இரண்டும் காலி. எந்தக் குருவிக்காரனும் மைதானத்தில் கூண்டைத் தனியே மாட்டிவிட்டு நகர மாட்டான். கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். மூத்திரத்துக்குப் போனால்கூடக் கையில் எடுத்துக்கொண்டு போகிற ஜாதி.

"எங்க உங்க இளவரசர்?"

"கம்பத்துல."

"திருடிட்டுப் போகப் போறாங்க."

"எட்காரைப் பார்த்துக்கச் சொன்னேன்."

"எட்காரையா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

மைதானத்துப் பக்கமிருந்து பாட்டு கிளம்பியது. தூரத்திலிருந்து ராடென் இருவரையும் கண்டுவிட்டது. கம்பத்து உச்சியில் நின்று வயிறெரிந்து பாடியது. யாரோ கூப்பிட்டார்கள்: "ஏய் ஜுமாடி, உன் குருவி கத்தியே செத்துடும் போலிருக்கு, வந்து எடு."

"போங்க, கூப்பிடுறாங்க," என்றாள் வாகினெம். ஆற்றையே பார்த்துக்கொண்டு சொன்னாள். தோலே அவள் காதைப் பிடித்திருந்தது.

"பாடட்டும்," என்றார் ஜுமாடி.

வாகினெம் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் முகம் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் வலது கைச் சுட்டுவிரல், ஒவ்வொரு பாட்டுக்கும், முழங்காலில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்த விரலை எட்டிப் பிடித்துத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.